டிமென்ஷியா உள்ளவர்களை ஆய்வில் சேர்ப்பது: ஒப்புதல், அறிதிறன் சோதனை, ஆலோசனைக் குழு – நடைமுறைக் கேள்விகள்

#1 கயல்_ஆய்வு

வணக்கம். லேசான, நடுத்தர நிலை டிமென்ஷியா உள்ளவர்களை 12 மாதம் தொடரும் ஆய்வுக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தொடக்கம், 6ஆம் மாதம், 12ஆம் மாதம் என மூன்று சந்திப்பு. மருந்து எதுவும் கொடுப்பதில்லை. அறிதிறன் சோதனை, வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள், தொடக்கத்தில் ஒரே ஒரு ரத்த மாதிரி.

"எம்எம்எஸ்இ 18க்குக் கீழே என்றால் ஒப்புதல் தர இயலாதவர்" என்று எழுதியிருந்தேன் (எம்எம்எஸ்இ என்பது 30 மதிப்பெண் கொண்ட சுருக்கமான அறிதிறன் சோதனை). எதிக்ஸ் கமிட்டி அதை ஏற்கவில்லை. கூடவே, "திட்டம் வகுக்கும்போதே டிமென்ஷியா உள்ளவர்களிடம் கருத்துக் கேட்டீர்களா?" என்றும் கேட்டிருக்கிறார்கள். மூன்று சந்தேகங்கள்: ஒப்புதல் தரும் திறனை எதை வைத்துப் பார்ப்பது? பங்கேற்பாளர்களில் பள்ளிக்கே போகாதவர்களும் இருப்பார்கள், எந்தச் சோதனை சரிவரும்? டிமென்ஷியா உள்ளவர்களின் ஆலோசனைக் குழுவை உண்மையிலேயே பயன்படும்படி நடத்துவது எப்படி?

#2 மணிவாசகன்

கயல், கமிட்டி கேட்டது நியாயம். எம்எம்எஸ்இ என்ன கேட்கிறது? இன்று என்ன தேதி, மூன்று சொல்லைத் திரும்பச் சொல்லுங்கள், இந்த ஐங்கோணங்களைப் பார்த்து வரையுங்கள். "ரத்தம் எடுப்பார்கள், எனக்கு நேரடிப் பலன் இல்லை, பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம்" என்பது அவருக்குப் புரிந்ததா என்று அதில் ஒரு கேள்வியும் இல்லை. 26 வாங்கிய ஒருவர் தனக்கு நோயே இல்லை என்று சாதிக்கலாம். இந்த ஆய்வு தன்னைப் பற்றியது என்பதே அவருக்கு உறைக்காது. 16 வாங்கியவர் "ஊசி உண்டா, எத்தனை தரம் வரணும், வேண்டாம்னா என் டாக்டர் கோபிப்பாரா" என்று விஷயத்தின் மையத்தையே தொடுவார். மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த மதிப்பெண்களில் ஓரளவு ஊகிக்கலாம். நடுவில் இருப்பவர்களிடம் அது கைகொடுக்காது. உங்கள் ஆய்வில் பெரும்பாலோர் அந்த நடுவில்தான் வருவார்கள்.

முடிவெடுக்கும் திறன் அந்தக் குறிப்பிட்ட முடிவுக்கும் அந்த நேரத்துக்கும் உரியது. ஒரு முறை ரத்தம் கொடுக்கச் சம்மதிக்கும் திறன் உள்ளவருக்கு, முதுகுத்தண்டு நீர் எடுக்கும் ஆய்வில் அதே திறன் போதாமல் போகலாம். ஆபத்து கூடக்கூட நாம் எதிர்பார்க்கும் தெளிவும் கூட வேண்டும்.

பார்க்க வேண்டியவை நான்கு. சொன்னது புரிகிறதா, அதைத் தனக்குப் பொருத்திப் பார்க்கிறாரா, சேருவதையும் சேராமல் இருப்பதையும் ஒப்பிட்டுக் காரணம் சொல்கிறாரா, ஒரு முடிவைச் சொல்லி அதில் நிற்கிறாரா. அப்பெல்பாமும் கிரிஸ்ஸோவும் உருவாக்கிய மேக்கேட்-சிஆர் இந்த நான்கையும் உங்கள் ஆய்வின் விவரத்தை வைத்தே கேட்கும். பயிற்சி பெற்றவர் நடத்த வேண்டும். சுருக்கமாக வேண்டுமென்றால் 2007இல் வந்த யூபேக்: 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 20, ஐந்து நிமிடத்தில் முடியும். ஒரு எச்சரிக்கை: அது முதலில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் சோதிக்கப்பட்டது. அதன் வெட்டுப்புள்ளியை அப்படியே தூக்கிவந்து "இதற்குக் கீழே என்றால் வெளியே" என்று எழுதினால், எம்எம்எஸ்இயில் செய்த அதே தவறுதான். எங்கே மறுபடி விளக்க வேண்டும் என்று காட்டும் கருவியாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறை இப்படி: ஒரு பகுதியை விளக்குங்கள், நிறுத்துங்கள், "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும், உங்க வார்த்தையில சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். தவறினால் அந்தப் பகுதியை மட்டும் வேறு சொற்களில் திரும்ப விளக்குங்கள். இரண்டு, மூன்று சுற்று வரை போகலாம். சுற்று எண்ணிக்கையையும் அவர் சொன்ன பதிலையும் அவர் வார்த்தையிலேயே பதிவு செய்யுங்கள். தணிக்கைக்கு வருபவர் பார்ப்பது அதைத்தான், கையெழுத்தை அல்ல.

நான்கில் பலர் தடுக்கி விழுவது இரண்டாவதில். "இதுல சேர்ந்தா எனக்கு மறதி குறையும்ல?" என்று கேட்பவருக்கு ஆய்வும் சிகிச்சையும் ஒன்றாகத் தெரிகிறது. இந்த ஆய்வால் யாருக்கு நன்மை என்று கட்டாயம் கேளுங்கள்.

#3 தேன்மொழி_பேச்சு

மணிவாசகன் சார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். திறன் இல்லை என்று எழுதப்படும் பலரிடம் இல்லாமல் போனது சொல்லும் வழிதான். முதன்மை வளர் அஃபேசியா (மொழித்திறன் படிப்படியாகக் குறையும் டிமென்ஷியா வகை) உள்ளவருக்குச் சொல் வராது. முடிவு தெளிவாக இருக்கும். "உங்க வார்த்தையில சொல்லுங்க" என்பது அவருக்கு ஏறமுடியாத மேடு. படம் வைத்து, சுட்டிக்காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஒப்புதல் படிவம் பற்றி. எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது, 16 நல்லது. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே தாள். பளபளப்பான தாள் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டுக் கூசும். பக்கம் 1இல் நடக்கப்போவதை மட்டும் வரிசையாக: வருவீர்கள், கேள்வி கேட்போம், ரத்தம் எடுப்போம், வீட்டுக்குப் போவீர்கள். காப்பீடு, தரவு பாதுகாப்பு எல்லாம் நீண்ட படிவத்தில் இருக்கட்டும். அதில் ஒரு பிரதியைக் குடும்பத்தாரிடமும் கொடுங்கள்.

"ஆமாம்" என்ற பதிலை உடனே நம்பாதீர்கள். புரியாதபோது தலையாட்டிவிடுவது மரியாதையாகப் பழகிய பழக்கம். "இன்னைக்கு ரத்தம் எடுப்போமா?" என்று கேட்டு ஆமாம் வந்தால், சற்றுப் பொறுத்து "இன்னைக்கு ரத்தம் எடுக்க மாட்டோமா?" என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் அந்த வழி வேலைக்கு ஆகாது, தேர்வு அட்டைக்கு மாறுங்கள்.

கேள்வி கேட்டபின் மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறக்காதீர்கள். மூன்றாவது நொடியில் வேறு வார்த்தையில் திரும்பக் கேட்டால் அவருக்கு அது இரண்டாவது கேள்வி. பாதி யோசித்த முதல் பதிலும் கலைந்துவிடும்.

#4 கயல்_ஆய்வு

ரொம்ப நன்றி சார், மேடம். இவ்வளவும் செய்தும் திறன் இல்லை என்று தெரிந்தால்? குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் போதுமா?

#5 மணிவாசகன்

போதாது. 1964இல் ஏற்கப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்ட, மருத்துவ ஆய்வு அறநெறிக்கான ஹெல்சிங்கி பிரகடனம் இதில் தெளிவாக இருக்கிறது: சட்டப்படியான பிரதிநிதியின் ஒப்புதல் வேண்டும், அதோடு பங்கேற்பாளரால் இசைவு, அதாவது தன்னளவில் சம்மதம், தெரிவிக்க முடிந்தால் அதையும் பெற வேண்டும், அவருடைய மறுப்பை மதிக்க வேண்டும். அந்தப் பிரதிநிதி யார் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்து, வேல்ஸில் மனத்திறன் சட்டம் 2005இன் கீழ் வரும் ஆய்வுகளில் குடும்பத்தார் "ஒப்புதல்" தருவதில்லை. பங்கேற்பாளருக்குத் திறன் இருந்திருந்தால் என்ன விரும்பியிருப்பார் என்று ஆலோசனை சொல்கிறார்கள். மருந்துச் சோதனைகளுக்கு அங்கேயே வேறு விதி. உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பார்த்துவிட்டுப் படிவம் எழுதுங்கள்.

சட்டம் எதுவானாலும் குடும்பத்தாரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "உங்களுக்குச் சம்மதமா?" அல்ல, "அவர் தெளிவாக இருந்த காலத்தில் இப்படி ஒன்றுக்கு என்ன சொல்லியிருப்பார்?"

#6 செவிலி_ராணி

மறுப்பு என்பது "வேண்டாம்" என்ற சொல்லாகத்தான் வரும் என்று காத்திருந்தால் பாதியைத் தவறவிடுவீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வது, தாளைத் தள்ளுவது, பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வது, "வீட்டுக்குப் போகணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது, எழுந்து கதவருகே நிற்பது, கண்ணை மூடிக்கொள்வது. ஆளுக்கு ஆள் மாறும். அதனால் சேர்க்கும் நாளிலேயே பராமரிப்பவரிடம் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: பிடித்திருந்தால் எப்படி இருப்பார், பிடிக்காவிட்டால் என்ன செய்வார், வலி என்றால் எப்படித் தெரியும். ஜான் டியூயிங் 2007இல் எழுதிய தொடர் ஒப்புதல் முறையின் அடிப்படை இதுதான்: ஒரே நாளில் வாங்கி முடிக்கும் கையெழுத்தாக ஒப்புதலைக் கருதாமல், ஒவ்வொரு சந்திப்பின் தொடக்கத்திலும் நடுவிலும் பார்த்துக்கொண்டே போவது.

அறிகுறி தென்பட்டால் நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, பத்து நிமிடம் வேறு பேச்சு. திரும்பக் கேட்டபோதும் அதே என்றால் அன்றைக்கு முடிந்தது. இன்னொரு நாள் ஒரு முறை கேட்கலாம். அப்போதும் அதே என்றால் விலகியதாகப் பதிவு செய்யுங்கள். மகன் "பரவாயில்லை, செய்யுங்க" என்றாலும் செய்யக் கூடாது.

#7 செழியன்_நரம்புளவியல்

சோதனைத் தேர்வுக்கு வருகிறேன்.

எம்எம்எஸ்இ, 1975, 30 மதிப்பெண். அதில் 10 இடம்-காலம், 8 மொழி, மூன்றே மூன்று நினைவுமீட்பு. லேசான நிலையில் பலர் முழு மதிப்பெண்ணை நெருங்கிக் கூரையில் முட்டும், 10க்குக் கீழே ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரியாமல் தரையில் உட்கார்ந்துவிடும். படிப்பு இல்லாதவர்களுக்கு எழுதுவது, வாசிப்பது, வரைவது என்று மதிப்பெண் பறிபோகும். பதிப்புரிமையும் உண்டு, நகலெடுத்துப் பயன்படுத்த அனுமதி வேண்டும்.

மோகா, 2005, 30 மதிப்பெண். லேசான நிலையைப் பிடிப்பதில் எம்எம்எஸ்இயை விட நல்லது. 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைந்த படிப்பு என்றால் 1 கூட்டுவார்கள். பள்ளி வாசலையே மிதிக்காதவருக்கும் அதே 1தான், அது எந்த மூலைக்கு? கனசதுரம், கடிகாரம், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைக்கும் கோடு எல்லாமே பேனா பிடித்துப் பழகிய கையைக் கேட்பவை. நடத்துபவர் பயிற்சிச் சான்று பெற்றிருக்க வேண்டும்.

உங்கள் குழுவுக்கு நான் ரூடாஸைத்தான் சொல்வேன். 2004, 30 மதிப்பெண், பல மொழி, பல கல்வி நிலையினரை மனத்தில் வைத்தே செய்தது. நான்கு பொருள் கொண்ட கடைப் பட்டியலை நினைவில் வைப்பது, வலது இடது காட்டுவது, ஒரு கை முட்டி மறு கை உள்ளங்கை என்று மாற்றுவது, கனசதுரம், நெரிசலான சாலையைக் கடப்பது எப்படி என்ற கேள்வி, ஒரு நிமிடத்தில் விலங்குப் பெயர்கள். 22 அல்லது குறைந்தால் மேலும் பரிசோதனை. வரைவது இதிலும் இருக்கிறது, ஆனால் 3 மதிப்பெண்தான்.

விரிவாக வேண்டுமென்றால் ஏசிஇ-3, 100 மதிப்பெண். மொழியும் இடவுணர்வும் தனித்தனியாகத் தெரியும், ஆனால் படித்தவர்களுக்குத்தான். கடும் நிலைக்குப் போய்விட்டவர்களுக்கு எஸ்ஐபி. ஒரே படி கட்டளைகளும் சைகை உதவியும் இருப்பதால், எம்எம்எஸ்இ பூஜ்யம் காட்டும் இடத்திலும் அதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரியும்.

இவற்றோடு உடன் இருப்பவரிடம் ஒரு கேள்வித்தாள் கட்டாயம். ஐக்யூகோட் குறும்படிவம் 16 கேள்வி. பத்து ஆண்டுக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டு 1 முதல் 5, மாற்றம் இல்லையென்றால் 3. ஒருவரை அவருடைய பழைய நிலையோடு ஒப்பிடுவதால் கல்வியின் பாதிப்பு மிகக் குறைவு. நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று வரையறுக்க சிடிஆர் என்ற நேர்காணல். அதில் முதலில் உடன் இருப்பவரைத் தனியாகக் கேட்க வேண்டும். போன வாரம் என்ன நடந்தது என்று அவர் சொல்ல, பிறகு அதையே பங்கேற்பாளரிடம் கேட்டுச் சரிபார்ப்பது. வரிசையை மாற்றினால் அந்த நேர்காணலுக்கே அர்த்தமில்லை.

#8 பரணி_77

செழியன் டாக்டர், எம்எம்எஸ்இயை முழுதாகத் தள்ளிவிட முடியுமா? பழைய ஆய்வுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஒப்பிட வேண்டாமா? மருந்துச் சோதனைகளும் அதை வைத்துத்தான் ஆளெடுக்கின்றன. லெக்கனமாப் என்ற அல்சைமர் மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வில் 22 முதல் 30 வரை என்று வரையறுத்திருந்தார்கள்.

#9 செழியன்_நரம்புளவியல்

ஒப்பிட வேண்டிய தேவை இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் பரணி, ஆனால் அதையே முதன்மை அளவீடாக வைக்காதீர்கள். நீங்கள் சொன்ன உதாரணத்தின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள்: அப்படி வரையறுத்ததால் லேசான நிலையைத் தாண்டியவர்கள் வெளியே நிற்கிறார்கள். மருந்து வேலை செய்யும் கட்டத்தைத் தேட அது சரியான வரையறை. கயலின் ஆய்வு போல வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்கும் ஆய்வில் அதே வரையறையைப் பழக்கத்தால் போட்டுவிடுகிறார்கள். பிறகு கடும் நிலையில் உள்ளவர்களைப் பற்றி யாரிடமும் தரவு இருப்பதில்லை.

நடத்தும்போது அதிகம் கெடுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். எம்எம்எஸ்இயில் நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது: 93, 85, 78, 71, 64 என்று சொன்னால் எத்தனை மதிப்பெண்? ஒரு பிழைதான், 4. 85 தவறு; அதிலிருந்து 78 சரி. முதல் தவறுக்குப் பின் எல்லாவற்றையும் தவறு என்று போடுபவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஆய்வில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் போட்டால் தரவு கெட்டது. மோகாவில் ஐந்து சொல் மீட்பில், "அது ஓர் உடல் உறுப்பு" என்று குறிப்புக் கொடுத்து வந்த பதிலுக்கு மொத்தத்தில் மதிப்பெண் கிடையாது, ஆனால் தனிக் கட்டத்தில் குறிக்க வேண்டும். குறிப்புக் கொடுத்தால் வருகிறது என்றால் நினைவில் பதிந்திருக்கிறது, எடுப்பதில் சிக்கல். கொடுத்தும் வரவில்லை என்றால் பதியவே இல்லை. அந்த வேறுபாடு மொத்த மதிப்பெண்ணில் மறைந்துபோகும்.

அடுத்தது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியோ கணவரோ. உதட்டை அசைப்பார்கள், "அதான் நேத்து சொன்னேனே" என்பார்கள். திட்ட வேண்டாம். சற்றுப் பின்னால், பங்கேற்பாளருடைய பார்வைக்கு எட்டாத நாற்காலியில் உட்காரவைத்து, அதே நேரத்தில் ஐக்யூகோட் தாளைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

#10 செவிலி_ராணி

சோதனை அன்று தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை. கண்ணாடி போட்டிருக்கிறாரா, அது வாசிக்கும் கண்ணாடிதானா. செவிக்கருவி காதில் இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா. காதில் அழுக்கு அடைத்திருந்தாலே சொல் பட்டியல் சோதனை வீண், கேட்காத சொல்லை எப்படி நினைவு வைப்பார்? கழிப்பறை போய் வந்தாரா. இரவு தூங்கினாரா. வலி இருக்கிறதா.

இரண்டு மூன்று நாளில் திடீரென்று மாற்றம் என்று வீட்டில் சொன்னால் அன்று சோதனையே வேண்டாம். டெலிரியம் (திடீர் மனக்குழப்பம்) இருக்கிறதா என்று பார்க்கும் 4ஏடி சோதனையைப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிடம்தான். 4 அல்லது மேல் என்றால் டெலிரியமாக இருக்கலாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புது மருந்து எதுவும் காரணமாகலாம். மருந்துப் பட்டியலில் ஆக்ஸிபியூட்டினின், அமிட்ரிப்டிலின், டைஃபென்ஹைட்ரமின் போன்றவை புதிதாக வந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அவை அசிட்டைல்கோலினைத் தடுப்பதால் நினைவையும் கவனத்தையும் நேரடியாகக் குறைக்கும். லூயி பாடி டிமென்ஷியா உள்ளவர்களிடம் ஒரே நாளுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். ஒரு சந்திப்பின் மதிப்பெண்ணை வைத்து எதுவும் சொல்லாதீர்கள்.

30, 40 நிமிடத்துக்கு மேல் ஒரே அமர்வு வேண்டாம். கடினமானதை முதலில் வைத்தால், தோற்ற உணர்வு அடுத்த சோதனை முழுவதும் கூடவே வரும். சோதனை வரிசை கையேட்டில் கட்டாயம் என்றால் மாற்றக் கூடாது. ஆனால் சோதனைகளுக்கு இடையே என்ன வைப்பது என்பது உங்கள் கையில். தவறினால் "பரவாயில்லை" என்றும், சரியென்றால் "சபாஷ்" என்றும் சொல்லாதீர்கள், மாறி மாறி வருவதை அவர்கள் உடனே கவனித்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே "சரி, அடுத்தது பார்க்கலாம்".

மனச்சோர்வையும் பாருங்கள். கார்னெல் அளவுகோலில் 19 கூறுகள், அவரிடமும் உடன் இருப்பவரிடமும் கேட்டு நிரப்புவது. சோர்வில் "தெரியாது" என்பவரும் மறதியில் "தெரியாது" என்பவரும் தாளில் ஒரே மாதிரி தெரிவார்கள்.

#11 எண்கோலம்

புள்ளியியல் பக்கத்திலிருந்து. ஆறு மாத இடைவெளியில் எம்எம்எஸ்இ 2 புள்ளி ஏறி இறங்குவது வெறும் அளவீட்டுப் பிழையாகவே இருக்கலாம். ஒரு தனி மனிதரைப் பற்றி அதை வைத்து "மோசமாகிவிட்டார்" என்று எழுதாதீர்கள். பழக்கத்தால் ஏறுவதைக் குறைக்க மோகாவுக்கு மாற்றுப் படிவங்கள் இருக்கின்றன. எந்தச் சந்திப்பில் எந்தப் படிவம் என்று முன்பே எழுதி வையுங்கள். முடிந்தவரை அதே நடத்துனர், அதே நேரம், அதே அறை.

அடாஸ்-காக் என்ற அறிதிறன் சோதனையைச் சேர்த்தால் திசையை மறக்காதீர்கள்: 0 முதல் 70, பிழைகளை எண்ணுவது, கூடினால் மோசம். ஒரே அட்டவணையில் எம்எம்எஸ்இயோடு வைத்துத் தலைகீழாக முடிவு எழுதுவது நடக்கும்.

பெரிய ஓட்டை விலகல்தான். 12ஆம் மாதம் வராதவர்கள் தற்செயலாக வராமல் போகவில்லை. நிலை மோசமானவர்கள்தான் வருவதில்லை. வந்தவர்களை மட்டும் வைத்துச் சராசரி போட்டால் எல்லோரும் நன்றாக இருப்பதாகத் தெரியும். காரணத்தைத் தனித்தனிக் குறியீட்டில் பதிவு செய்யுங்கள்: இறப்பு, இடம்பெயர்வு, அவரே மறுத்தார், குடும்பம் மறுத்தது, உடல்நிலை, சோதனை செய்ய முடியாத அளவு நிலை. கடைசியில் சொன்னதை "தரவு இல்லை" என்று காலியாக விடாதீர்கள், அது ஒரு முடிவு. வீட்டுக்கே போய் நடத்தும் வாய்ப்பையும் பட்ஜெட்டில் வையுங்கள். வீட்டில் "இது எத்தனையாவது மாடி" என்ற கேள்விக்கு முன்பே மாற்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

வாழ்க்கைத்தரத்துக்கு க்யூஓஎல்-ஏடி: 13 கூறு, 13 முதல் 52. அவரும் நிரப்பலாம், பராமரிப்பவரும் நிரப்பலாம். பராமரிப்பவர் போடும் எண் பொதுவாகக் குறைவாக வரும். அதை வைத்து அவர் சொன்னதைத் "திருத்தாதீர்கள்". இரண்டையும் தனித்தனியாக அறிக்கையிடுங்கள். தன் வாழ்க்கை எப்படி என்று சொல்ல அவருக்குத்தான் உரிமை.

#12 தேன்மொழி_பேச்சு

ஆலோசனைக் குழு பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை, நான் தொடங்குகிறேன். டிமென்ஷியா உள்ளவர்களே நடத்தும் ஸ்காட்டிஷ் டிமென்ஷியா பணிக்குழு 2002இல் உருவானது. ஆய்வில் தங்களை எப்படிச் சேர்க்க வேண்டும் என்று அவர்களே எழுதிய அடிப்படைக் கொள்கைகள் 2014இல் வெளிவந்தன. ஐரோப்பிய அளவில் 2012இலிருந்து இப்படி ஒரு குழு இருக்கிறது. "இவர்களால் முடியுமா" என்று கமிட்டியில் யாராவது கேட்டால் இவற்றைக் காட்டுங்கள்.

ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். ஆய்வில் பங்கேற்பாளராக இருப்பவரையே ஆலோசகராகவும் வைக்காதீர்கள். ஒரு கூட்டம் 60 முதல் 90 நிமிடம், நடுவில் இடைவேளை. ஒரு வாரம் முன்பே ஒரு பக்கக் குறிப்பு, முந்தின நாள் தொலைபேசி. எப்போதும் அதே அறை, அதே ஒருங்கிணைப்பாளர். "நான் பேசணும்" என்று எழுதிய வண்ண அட்டை ஆளுக்கு ஒன்று. சொல்ல வந்தது மறப்பதற்குள் அட்டையைத் தூக்கலாம், பேச்சில் குறுக்கிடத் தேவையில்லை. கூட்டத்துக்கு ஒரு கேள்விதான். "ஆய்வு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும். தாளைக் கையில் கொடுத்து "இதுல எந்த வரி உறுத்துது?" என்று கேளுங்கள்.

மற்ற ஆலோசகர்களுக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியம், பயணச்செலவு, உடன் வருபவருக்கும் சேர்த்து. அவர்கள் சொன்னதில் எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை, ஏன் என்று அடுத்த கூட்டத்தில் ஒரு பக்கத்தில் சொல்ல வேண்டும். இது இல்லாவிட்டால் அந்தக் குழு கமிட்டிக்குக் காட்டும் அலங்காரம், அவ்வளவுதான். அவருடைய நிலை மாறி வர முடியாமல் போகும்போது என்ன செய்யலாம் என்பதையும் தொடக்கத்திலேயே அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

#13 கயல்_ஆய்வு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது என் வரைவு: முதல் சந்திப்பில் படப் படிவம், திருப்பிச் சொல்லவைத்தல், யூபேக். திறன் இருந்தால் அவரே ஒப்புதல். இல்லாவிட்டால் பிரதிநிதி, கூடவே அவருடைய இசைவு. ஒரு வாரம் கழித்து ரூடாஸ், சிடிஆர், ஐக்யூகோட், கார்னெல், க்யூஓஎல்-ஏடி, ரத்தம். 6, 12ஆம் மாதங்களில் ரத்தம் தவிர மற்றவை. எம்எம்எஸ்இ கீழ்வரம்பை எடுத்துவிட்டேன். ஆலோசனைக் குழு படிவத்தைப் பார்த்தபின்தான் கமிட்டிக்கு மறுபடி அனுப்புவேன். ஏதாவது விடுபட்டிருக்கிறதா?

#14 மணிவாசகன்

இரண்டு. ஒரு வாரம் கழித்து வரும்போது ஒப்புதலை அவர் மறந்திருக்கலாம். ஊசி எடுக்கும் முன் திரும்ப விளக்கி, திரும்பக் கேட்க வேண்டும் என்று அந்த வரியிலேயே எழுதுங்கள். மறந்துவிட்டார் என்பதாலேயே முன்பு தந்த ஒப்புதல் செல்லாமல் போகாது; இப்போது விளக்கினால் அதே முடிவுக்கு வருகிறாரா என்று பாருங்கள். இரண்டாவது, தொடக்கத்தில் தானே கையெழுத்திட்டவர் 12ஆம் மாதத்தில் திறன் இழந்திருக்கலாம். அப்போது என்ன செய்வது, முன்பு கொடுத்த ரத்த மாதிரியை வைத்துக்கொள்ளலாமா என்று அவரால் சொல்ல முடிகிற இப்போதே கேட்டு, படிவத்தில் தனிக் கட்டமாக வையுங்கள்.

#15 செவிலி_ராணி

நீங்கள் பட்டியலிட்ட அத்தனையும் ஒரே அமர்வில் முடியாது கயல். சிடிஆர் நேர்காணலே உடன் இருப்பவரிடமும் அவரிடமும் சேர்த்து முக்கால் மணிக்கு மேல் போகும். இரண்டு நாளாகப் பிரியுங்கள்: முதல் நாள் ரூடாஸும் க்யூஓஎல்-ஏடியும், இரண்டாம் நாள் சிடிஆரும் கார்னெலும். ஐக்யூகோட்டை உடன் இருப்பவர் முதல் நாளே, ரூடாஸ் நடக்கும் நேரத்தில் நிரப்பட்டும். ரத்தம் இரண்டாம் நாள் கடைசியில். முதலில் குத்திவிட்டால் அதன்பின் எந்தச் சோதனைக்கும் மனசு வராது.